அரைத்தாடிக் கையெழுத்து

சலூன்காரருக்கு அரைத்தாடி என்று பட்டப்பெயர் வந்ததற்கு அவர் முகம் காரணமில்லை. அது எப்போதும் மழமழவென்றுதான் இருக்கும். அடுத்தவர் முகத்தில் அவர் செய்த அக்கிரமத்துக்கு ஊர் வைத்த பெயர் அது.

கடைக்கு எதிரே சரக்கு ரயில் தண்டவாளம். நாளைக்கு நாலு வண்டி, அதுவும் ஆமை வேகத்தில். அதற்கு அப்பால் குடியிருப்பு. வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் அங்கிருந்து தண்டவாளத்தைத் தாண்டித்தான் வருவார்கள். தண்டவாளத்தை ஒட்டி அந்தப் பக்கம் விரைவுப் பேருந்துக்குத் தனிப்பாதை போடப்போகிறார்கள் என்று சேதி வந்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. நிறுத்தம் மட்டும் தன் கடைக்கு நேர் எதிரே வந்துவிட்டால், ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லாம் தன் நாற்காலியில்தானே உட்கார வேண்டும். ஆசை யாரை விட்டது? இரண்டாவது நாற்காலியும் வாங்கிப் போட்டுவிட்டார்.

மனு எழுதினார். கையெழுத்து வாங்கிய விதம்தான் வேடிக்கை. ஒரு கன்னத்தை வழித்ததும் கத்தியை மடக்கி வைத்துவிட்டுப் பேனாவை நீட்டுவார்.

"போட்டாத்தான் மீதி."

பக்கத்தில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டும் மச்சினன் மட்டும் பிடிகொடுக்கவில்லை. அவர் மனைவியின் தம்பி அவன்.

"இருக்கறதும் போயிடப் போகுது மாமா."

"அப்ப அரைத்தாடியோடவே திரி மாப்ளே."

கடையே சிரித்தது. அவன் ஒரு நாள் முழுக்க அப்படியே திரிந்தான். தெருவின் சிரிப்பு தாங்காமல் மறுநாள் வந்து போட்டான். அது முந்நூற்றுப் பன்னிரண்டாவது, கடைசிக் கையெழுத்து.

மனுவுக்கு வலு வேண்டுமே என்று, கையெழுத்தெல்லாம் வாங்கி முடித்த பிறகு, அனுப்புவதற்கு முன் சலூன்காரர் சொந்தச் சரக்காக ஒரு வரி சேர்த்திருந்தார்: 'தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிக்கடி உயிர்ச்சேதம் ஏற்படுகிறது.' முப்பது வருஷத்தில் அங்கே ஒரு கோழிகூட அடிபட்டதில்லை.

நிறுத்தம் கேட்ட இடத்திலேயே வந்தது. கூடவே கடை வாசலிலிருந்து பத்தடியில், ஆளுயரத்துக்கு மேல், இரும்பு வேலியும் வந்தது. நிறுத்தத்துக்கு வழி குடியிருப்புப் பக்கம் மட்டும். கடைக்கு வர வேண்டுமென்றால் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாலத்தில் ஏறி இறங்க வேண்டும். முடி வெட்டிக்கொள்ள எவன் அவ்வளவு தூரம் நடப்பான்? பழைய வாடிக்கையாளர்கள் நடைமேடைக் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலைசீவினார்கள். இவர் கையாட்டினால் பதிலுக்குக் கையாட்டிவிட்டு பஸ் ஏறிப் போனார்கள்.

வேலியில் ஒரு சின்னக் கதவாவது வைக்கச் சொல்லி, மனு அனுப்பிய பேருந்து அலுவலகத்துக்குப் போனார். மச்சினனும் கூடப் போனான். அங்கிருந்த அம்மாள் பொறுமையாகக் கோப்பைப் பிரித்தார்.

"வேலி எங்க திட்டத்துலயே இல்லீங்க. உயிர் போகுதுன்னு மனு வந்துச்சு, அதான் போட்டோம். முதல் கையெழுத்தைப் பாருங்க."

அவர் பார்த்தார். அது அவருடையது. மச்சினன் அந்தப் புது வரியை இரண்டு தடவை படித்தான், கடைசியிலிருந்த தன் கையெழுத்தைப் பார்த்தான்.

அந்த மாதமே பஞ்சர் கடை மூடியது. வேறு ஊரில் கிடங்கொன்றில் மூட்டை தூக்கப் போகிறவன், கிளம்பும் நாளில் வந்து பழைய நாற்காலியில் உட்கார்ந்தான். புது நாற்காலி பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் நின்றது. ஒரு கன்னம் முடிந்ததும் எழுந்து, துண்டால் நுரையைத் துடைத்துக்கொண்டான்.

"உக்காரு மாப்ளே. மீதி இருக்கு."

"வேணாம் மாமா. மீதிக்கு நீங்க என்ன கேப்பீங்கன்னு தெரியும்."

பையைத் தூக்கிக்கொண்டு வேலியோரமாகவே பாலத்தை நோக்கி நடந்தான். நடைமேடையில் நின்றவர்கள் அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். சலூன்காரர் கத்தியோடு வாசலில் நின்றார். அந்த வாரம் அந்தக் கத்தி பட்ட ஒரே கன்னம் அதுதான்.