அண்ணன் எழுதிய பதில்

அப்பா சிங்கப்பூரிலிருந்து எழுதிய கடிதத்தில் இரண்டு சின்னக் கம்பித் துண்டுகளை டேப் போட்டு ஒட்டியிருந்தார். ஒன்று மெல்லிசு. மற்றது தடித்தது, உயரமும் கூட. "கிடார் ஃப்ரெட்டுக்கு இந்த ரெண்டு சைஸ்தான் கெடைக்கு. எது வேணும்னு எழுதுங்க."

எழுபதுகளின் நடுவில், திரேஸ்புரத்தில் இருந்தோம். அப்பாவுக்குக் கப்பல் வேலை. கிடாரை அவர் வாங்கி வந்தது அண்ணனுக்கு. அவன் இரண்டு மாதம் தட்டிப் பார்த்துவிட்டு அலமாரி மேல் தூக்கிப் போட்டான். நான் எடுத்துக்கொண்டேன். ஆறு வருஷம் மாதா கோவிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வாசித்தேன். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் கம்பிகள் தேய்ந்து பள்ளமாகி, தந்தியை லேசாகப் பிடித்தால் கிர்ரென்று அதிர ஆரம்பித்தது. அதற்காகவே அழுத்திப் பிடிக்கப் பழகினேன். விரல் நுனியெல்லாம் காய்த்துப் போனது.

அண்ணன் அப்போது துறைமுகத்தில் கிளார்க். கூட்டாளிகளோடு சேர்ந்து கல்யாணக் கச்சேரி நடத்த ஆசைப்பட்டான். ஆர்மோனியம் ரிப்பேர் பார்க்கும் அண்ணாச்சியிடம் அந்தத் துண்டுகளோடு போனோம். கிடாரை நான்தான் சுமந்து போனேன்.

"தடிச்சது போட்டா நாதம் நல்லா நிக்கும். ஆனா கை மெதுவா விழணும். அழுத்துனா சுதி ஏறிரும். வாசிக்கது யாரு?"

"நான்தான்" என்றான் அண்ணன்.

"நானும் வாசிப்பேன் அண்ணாச்சி. எனக்கு மெல்லிசுதான் சரி" என்றேன்.

அண்ணன் சிரித்தான். "ஏளா, கல்யாணம் ஆனா கிடாரையா தூக்கிட்டுப் போவ?"

அண்ணாச்சி என் விரல்களைப் பார்த்தார். கம்பித் துண்டுகளை அண்ணனிடமே திருப்பிக் கொடுத்தார். நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. பதிலை அண்ணன்தான் எழுதினான்.

டிசம்பர் தொடக்கத்தில் அப்பாவோடு வேலை பார்த்தவர் ஒருவர் தடித்த கம்பியைக் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணாச்சி பதித்துத் தந்தார். கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருந்தது. விரல் வைக்காமல் வெறும் தந்தியை மீட்டினால் சுதி சரியாக இருந்தது. பிடித்து வாசித்தால் ஒவ்வொரு ஸ்வரமும் மேலே போனது. ஆறு வருஷம் அழுத்திய கை மூன்று வாரத்தில் இளகுமா?

கோவில் ஒத்திகையில் பாட்டு வாத்தியார் நிறுத்தச் சொன்னார். "சுதி சேக்கத் தெரியாமலா இத்தன வருசம் வாசிச்ச?"

"புதுக் கம்பி சார், கொஞ்சம் உயரம்..."

"கம்பி மேல பழியப் போடாத."

அண்ணன் ஆண்கள் வரிசையில்தான் நின்றான். அவனுக்கு எல்லாம் தெரியும். பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் கிடார் இல்லாமல், பெண்களோடு நின்று பாடினேன்.

அண்ணனின் கச்சேரி இரண்டு கல்யாணத்தோடு கலைந்தது. நான் வீட்டில் விடாமல் பழகினேன். மார்ச் வாக்கில் கை இளகிவிட்டது. உள்ளதைச் சொல்ல வேண்டும், தடித்த கம்பியில் அவ்வளவு கனமான நாதம் வரும் என்று நான் நினைத்ததில்லை. வாத்தியாரிடம் போய்ச் சொன்னேன். கோவிலில் வேறொருவர் வாசிக்கத் தொடங்கியிருந்தார். "அடுத்த வருசம் பாப்போம்" என்றார். மே மாதம் என்னைப் புன்னைக்காயலில் கட்டிக் கொடுத்தார்கள்.

கல்யாணத்துக்கு வந்திருந்த அப்பா கேட்டார். "தடிச்ச கம்பி ஒனக்கு ஒத்து வந்துச்சா? தங்கச்சி அதத்தான் கேக்கான்னு அண்ணன் எழுதியிருந்தாம்லா."

அண்ணன் பக்கத்தில் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"வந்துச்சுப்பா" என்றேன். வேறு என்ன சொல்ல? ஊர் கூடியிருந்த இடம்.

கிடார் பிறந்த வீட்டிலேயே கிடந்தது. அடுத்த முறை நான் போனபோது அண்ணன் அதை யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தான். யாருக்கென்று கேட்கவில்லை.

கோவிலில் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் அண்ணன் மேல் கோபம் இருக்கிறது என்று இன்றும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். எதற்கு என்று எந்தச் சாமியாரும் கேட்டதில்லை.