இன்னொருவர் பேரில் கேட்ட நஷ்டஈடு

என் கணவருக்குக் கால் போனது பிடோக் பக்கம் கால்வாய் வெட்டிய இடத்தில். ஆனால் சர்க்கார் காகிதத்தில் கால் போன ஆள் அவர் இல்லை. இது புரிய வேண்டுமென்றால் அன்று கப்பலேறி இங்கே கூலிக்கு வந்த எங்கள் ஆட்களிடம் இருந்த ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

சர்க்கார் கூலி வேலையில் இருப்பவன் ஊருக்குப் போக மாதக்கணக்கில் லீவு கேட்டால் பேரை அடித்துவிடுவார்கள். அதனால் கேட்காமலே போவான். தன் அடையாள அட்டையை நம்பிக்கையான ஒருவனிடம் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறுவான். அவன் திரும்பும்வரை இவன் அவன் பேரில் வேலை பார்ப்பான். கூலிகளை வேலை வாங்கும் மண்டோருக்கு ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்தால் போதும், கண்டுகொள்ள மாட்டார். அவருக்கு மேலே இருந்த துரைக்கோ எங்கள் முகமெல்லாம் ஒரே முகம்.

தேக்காவில் நாங்கள் குடியிருந்த வீட்டில் பக்கத்து அறைக்காரன் என் கணவரின் ஊர்க்காரன்; தம்பி என்றுதான் கூப்பிடுவோம். மூன்று வருடம் எங்கள் அடுப்பில்தான் சாப்பிட்டான். கல்யாணம் பண்ணிக்கொள்ள ஊருக்குக் கிளம்பியபோது என் கணவர் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார். "அண்ணே, நான் வர்ற வரைக்கும் நீங்க போங்க. உங்களுக்கும் சோறாச்சு, எனக்கும் வேலை நிக்கும்" என்றான். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடிய எனக்கு அவன் தெய்வமாகத் தெரிந்தான்.

நாலாவது மாதம் மழையில் ஊறிய மண் சரிந்து பள்ளத்தில் நின்றவர் மேல் விழுந்தது. மண் சரியாமல் பலகை அடித்திருக்க வேண்டுமாம். அடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கட்டிலின் தலைமாட்டில் தம்பியின் பேர் தொங்கியது.

மண்டோர் வந்து என்னை வெளியே கூப்பிட்டார். "இந்தாம்மா, அவன் பேர்லயே இருக்கட்டும். உண்மையச் சொன்னா ஒரு காசு கிடைக்காது. உன் புருசன் ஜெயிலுக்குப் போவாரு, எனக்கும் வேலை போயிரும்லா."

அப்படித்தான் நஷ்டஈடு மனு எழுதினோம். சிராங்கூன் ரோட்டில் கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில் மேஜை போட்டிருந்த மனு எழுதுபவர், காயம் பட்டவர் பேர் என்ன என்று கேட்டார். தம்பியின் பேரைச் சொன்னேன். நாக்கு கூசவில்லை. அதன் பிறகு ஏழெட்டு முறை நஷ்டஈடு கொடுக்கும் இலாகாவின் படியேறினோம். அவர் கட்டையை ஊன்றி ஏறுவார், நான் பின்னால் விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டே போவேன். ஒவ்வொரு முறையும் ஒரு காகிதம் குறையும். டாக்டர் காகிதம், மண்டோர் காகிதம், மறுபடியும் டாக்டர் காகிதம். அட்டையிலிருந்த போட்டோவை ஒருவரும் உற்றுப் பார்க்கவில்லை. எனக்கு அப்போது அது நல்ல காலமாகத்தான் பட்டது.

கடைசி நாள், அங்கே எழுத்து வேலை பார்த்த தமிழ்க் கிராணி ஒருவர் காகிதத்தை எங்களுக்குப் படித்துச் சொன்னார். தொகை இவ்வளவு. இதோடு சர்க்கார் மேல் வேறு எந்தக் கோரிக்கையும் கிடையாது. அப்புறம், "இந்த ஆள் இனிமேல் வேலைக்கு லாயக்கில்லைன்னு பதிவேட்டுல இருந்து பேரை எடுத்துருவாங்க. இங்க கைநாட்டு வைங்க" என்றார்.

இத்தனை மாதமும் காலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோமே தவிர, பேரை எடுத்தால் தம்பியின் வேலை போகும் என்பது எங்கள் இரண்டு பேர் புத்தியிலும் படவில்லை. அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இது அவன் வேலை புள்ள" என்றார் மெதுவாக.

கிராணி நிமிர்ந்து பார்த்தார். வீட்டில் அரிசி இல்லை, வாடகை மூன்று மாதம் நிற்கிறது. "அவருக்குக் கொஞ்சம் மனசு சரியில்லீங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் கையைப் பிடித்து, கட்டை விரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் அழுத்தினேன். அவர் என்னைத் தடுக்கவில்லை.

நடந்ததைத் தம்பிக்கு எழுத வேண்டும் என்று தினமும் நினைப்பேன். எழுதவில்லை. அவன் இரண்டு மாதம் கழித்து வந்து இறங்கினான். மனைவி மாசமாக இருக்கிறாள் என்று சிரித்துக்கொண்டே வந்தவன், அவரைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்து அழுதான். நான் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அழுகை நின்றுவிட்டது.

"அப்ப இனி எனக்கு சர்க்கார் வேலை கிடையாது, அப்படித்தானே அண்ணி?"

"ஆபீஸ்ல போய் உண்மையச் சொல்லுப்பா" என்றார் என் கணவர். "நான் ஜெயிலுக்குப் போறேன்."

"ஒத்தைக் காலோட அங்க என்ன பண்ணுவீங்க?" என்றான் தம்பி.

புக்கிட் பாஞ்சாங் பக்கம் ஒரு காய்கறித் தோட்டத்தில் சாப்பாடும் அரைக் கூலியும் தருவார்களாம், அட்டை கேட்க மாட்டார்களாம். அங்கே போவதாகச் சொன்னான். என் கணவர் நஷ்டஈட்டில் மிச்சமிருந்த நோட்டுகளை எடுத்து அவன் கையில் திணித்தார். அவன் அதைப் பாயின் மேல் வைத்துவிட்டான். "பிள்ளைகளுக்கு ஆகட்டும் அண்ணே" என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். வாசல்வரை போய் அவனைக் கூப்பிட்டிருக்கலாம். நான் பாயிலிருந்த பணத்தைத்தான் முதலில் எடுத்தேன். அவன் அதை வாங்கிக்கொள்ளாமல் போனதில் எனக்கு வந்தது நிம்மதிதான்.