ஒற்றைப்பட இருக்கட்டும் என்றுதான் மாற்றினேன்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தில் பிழை இருக்கும், நடுவில் ஏதாவது மறந்தும் போவேன். வாராவாரம் பொறுத்துக்கொள்கிறீர்கள். இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாகப் பொறுக்க வேண்டும் – விஷயம் கொம்பியூட்டர்!

என் தம்பி கல்யாணப் பொருத்தம் பார்ப்பவன். பஞ்சாங்கத்தில் அல்ல, இருபது வருடத்துக்கு முன் வாங்கிய ஒரு புரோகிராமில். அது இன்றைய கொம்பியூட்டர் எதிலும் ஓடாது. பழைய பெட்டி செத்தபோது, நெல்லியடியில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் தர்சினி ஒரு வழி செய்தாள். புதுக் கொம்பியூட்டருக்குள் ஒரு பழைய கொம்பியூட்டர் இருப்பதுபோல் நடிக்கும் சொஃப்ட்வெயர் ஒன்றைப் போட்டுத் தந்தாள். இலவசம். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம் என்று திறந்து வைத்திருக்கிறார்களாம்.

தம்பிக்குக் கண் ஒப்பரேஷன் செய்து கொஞ்ச நாள்தான். அதனால் பொத்தான் அழுத்துவதும் திரையை வாசித்துச் சொல்வதும் என் வேலை.

போன வியாழன் காலை, அந்த உள்ளே இருக்கும் கொம்பியூட்டர் எழும்பவில்லை. ஒரு சதுரம் வரும்... ஒரு கணம் நிற்கும்... மறைந்துவிடும். மூன்று தரம் பார்த்தோம். ஏழு தரம் பார்த்தோம். தம்பி, அதற்கு அட்டமத்துச் சனி நடக்கிறது போலும் என்று சொல்லி, அதை வாங்கிய நேரத்தை என்னிடம் கேட்டான்.

அன்று பார்க்க வேண்டியிருந்த பொருத்தம் யாருடையது தெரியுமா? தர்சினியுடையதுதான்! மாப்பிள்ளையை அவளே இரண்டு வருடத்துக்கு முன் பார்த்து முடித்துவிட்டாள். மாப்பிள்ளையின் தாய் மட்டும், தம்பி அச்சடித்துத் தரும் தாள் கைக்கு வராமல் சம்மதம் சொல்லமாட்டேன் என்று நின்றார். அந்த அம்மா அன்று மத்தியானம் சுன்னாகத்தில் ரயிலேறி, கனடாவில் இருக்கும் மகளிடம் போகிறார். திரும்பிவர ஆறு மாதம். கையால் எழுதிக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். தம்பிக்குக் கண் தெரியாது, எனக்குக் கணக்குத் தெரியாது.

போன் போட்டோம். தர்சினி ஸ்கூட்டியில் பறந்து வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றவும் மறந்து, அப்படியே கதிரையில் இருந்து தட்டத் தொடங்கினாள்.

அந்தச் சொஃப்ட்வெயர், விழுவதற்கு முன் என்ன நடந்தது என்று ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டுத்தான் விழுமாம். எவ்வளவு பொறுப்பு! அதை வாசித்தவள் திரும்பினாள்.

“அன்ரி, உள்ளுக்கை கிடக்கிற மெசினுக்கு நான் குடுத்த மெமரி 2048. இப்ப 2049 எண்டு கிடக்கு. ஆர் மாத்தினது?”

பூனை மேசையில் ஏறியதைத் தான் கேட்டதாகத் தம்பி சாட்சி சொன்னான்.

“பூனை கணக்கா ஒண்டைக் கூட்டுமே, அங்கிள்?”

நான் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விட்டேன். யாரும் கேட்காத தேத்தண்ணி.

அங்கே நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். யாராவது கையால் மாற்றியிருந்தால் ஒரு நிமிட வேலையாம். ஒருவரும் தொடாமல் தானாக மாறியிருந்தால் உள்ளே வேறு பழுது... எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போட வேண்டும், மூன்று மணித்தியாலம் செல்லும் என்றாள். ரயிலுக்கு ஒன்றேகால் மணித்தியாலம்தான் இருந்தது. தர்சினியின் குரல் ஹெல்மெட்டுக்குள் உடைந்துபோய் வந்தது.

வெட்கம் பெரிதா, ஒரு பிள்ளையின் கல்யாணம் பெரிதா? வெளியே வந்தேன்.

“பிள்ளை... அது நான்தான்.”

முதல் நாள் மூடும்போது எங்கோ தவறி அழுத்திவிட்டேன். நம்பர்கள் உள்ள பக்கம் ஒன்று திறந்தது. 2048. இரட்டை எண்! நாளைக்கு இந்தப் பிள்ளையின் பொருத்தம் பார்க்கிற மெசின். கல்யாண வீட்டுக்குத் தட்டம் கொண்டுபோனால்கூட ஒற்றைப்படத்தானே கொண்டுபோவோம்? அவளுக்கு நல்லது நடக்கட்டும் என்று ஒன்றைக் கூட்டிவிட்டேன்.

தர்சினி ஹெல்மெட்டைக் கழற்றினாள். எறியப்போகிறாளோ என்று பின்னுக்கு ஓரடி வைத்தேன். அவளோ மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரிக்கிறாள். அந்த எண் நாலால் பிரிபட வேண்டுமாம். ‘இந்த எண் சரிவராது’ என்று ஒரு வார்த்தை சொல்லாமல் படுத்துவிட்டது சொஃப்ட்வெயரின் பிழை, உங்களுடையது அல்ல என்றாள். 2048 என்று திருத்தினாள். எழும்பியது!

பத்துப் பொருத்தத்தில் ஏழு. “ஒற்றைதான் அக்கா” என்றான் தம்பி.

தாளோடு ஓடியவள், ஹெல்மெட்டுக்குத் திரும்பி ஓடிவந்தாள். ரயில் நகரும்போது யன்னலால் நீட்டினாளாம். அந்த அம்மா கண்ணாடி தேடிப் போட்டு வாசிக்கக் கோண்டாவிலே கடந்துவிட்டதோ என்னவோ, மகனுக்குப் போனில் சொன்னது ஒரே சொல்: “ஓம்.”

பிறகு தர்சினி அந்தச் சொஃப்ட்வெயர்க்காரருக்கு இந்தப் பிழையை எழுதி அனுப்பினாள். எதற்காக ஒருவர் இப்படி ஓர் எண் கொடுப்பார் என்று கேட்டு எழுதினார்களாம். அவள் தட்ட விவரத்தை விளக்கி எழுதினாள். இனிமேல் விழாமல், முதலில் வாயைத் திறந்து சொல்லும்படி திருத்துகிறார்களாம். என்னால் உலகத்துக்கு இவ்வளவு!

நாலால் பிரிபட வேண்டும் என்றாளா, எட்டால் என்றாளா என்பது இப்போது மறந்துபோயிற்று. விவரம் தெரிந்த யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். அப்படியே, கல்யாணத்துக்குப் பதினொரு தட்டம் என்று முடிவாகியிருக்கிறது – அதையும் ஒருதரம் பாருங்கள்.