அப்பாவுக்காகப் பஞ்சாலை சொன்ன பதில்

மலாயாவின் கோலா சாவா ரப்பர் தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, என்றால் தொழிலாளர்கள் பனிக்குள் வரிசையாக நிற்பார்கள். கங்காணி முருகையா ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். ஆள் வரத் தாமதமானால் வீட்டுப் பிள்ளை ஓடிப்போய் அவருக்காகக் குரல் கொடுக்கும். பெயர் பதிந்துவிட்டால் அன்றைய அரிசிப் பங்கு கைக்கு வந்துவிடும். பாவம், அதில் ஒரு கெடுதல் இருக்குமென்று யாருக்குத் தெரியும்?

ஜப்பான்காரன் காலத்தில் ஒருநாள் ராமசாமி காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். அவர் மனைவி நீலாவதி, எட்டு வயது மகள் பஞ்சாலையைப் பெரட்டுக்கு அனுப்பினாள். அப்பா பெயர் கேட்டதும் பிள்ளை கணீரென்று கத்தினாள்: "வீட்டுல இருக்காருங்க, இதோ வராருங்க!" பனிக்குள் ஆள்பிடிக்க வந்த ஜப்பான் லாரி நின்றதை அவள் கவனிக்கவில்லை. சிப்பாய்கள் வீட்டுக்கே போய், சயாம் ரயில் பாதை வேலைக்கென்று ராமசாமியைப் போர்த்திய போர்வையோடு ஏற்றிக்கொண்டார்கள். மனுஷன் திரும்பவே இல்லை.

அட, பெற்றவள் நாலு அடியாவது போட்டிருக்கலாம்! நீலாவதி ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அம்மா மனசுக்குள் தன்னைச் சபிக்கிறாள் என்றே பஞ்சாலை நினைத்துக்கொண்டாள்.

ஜப்பான் சண்டை முடிந்தது. பஞ்சாலை வளர்ந்தாள், இராஜமாணிக்கத்தைக் கட்டிக்கொண்டாள், ஒரு மகள் பிறந்தாள். அந்த மகளுக்கு எட்டு வயதானபோதுதான் ஆரம்பித்தது. விடியலில் ரப்பர் மரங்களுக்கிடையே யாரோ அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். பயமாகக்கூட இல்லை, தாலாட்டு மாதிரி இழுத்தது. ஈரப் புல்லில் வெறுங்காலோடு போவாள். மரங்களெல்லாம் ஆட்களாய் நிற்கும். அடுத்த நிரையில் அப்பா போர்வையோடு மிதந்து போவார். பஞ்சாலை வாயைப் பொத்திக்கொண்டு நிற்பாள். பதில் சொன்னால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களே!

மகளை யாராவது பெயர் சொல்லி அழைத்தால் அவள் வாயையும் பொத்தினாள். ஒருநாள் பிள்ளைக்கு மூச்சு முட்டிப்போனது.

"இனிமே தாங்காது லா. இவள பெரிய ஆஸ்பத்திரி பைத்தியக்கார வார்டுல விட்டுர்றேன். பிள்ளைய நான் வளத்துக்கிறேன்," என்றார் இராஜமாணிக்கம் மாமியாரிடம்.

பஞ்சாலை தன் பிள்ளையைப் பிரியப் போகிறாள் என்று தெரிந்த பிறகுதான் நீலாவதி வாய் திறந்தாள்.

"அன்னிக்கு லாரிச் சத்தம் எனக்குக் கேட்டுச்சுடி. கேட்டும், அரிசி போயிருமேன்னு உன்னைய அனுப்புனேன். தப்பு என்னோடது."

"இத்தனை வருசமா ஏம்மா சொல்லல?"

"நீ என்னைய அம்மான்னு கூப்பிடாம போயிருவியோன்னு பயந்துட்டேன்."

பஞ்சாலை அன்று அழுத அழுகையை அந்த லயத்து வீடுகளில் யாரும் அதுவரை கேட்டதில்லை.

மறுநாள் இராஜமாணிக்கம் அவளைச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது நீலாவதியும் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். யாருக்கு உடம்பு சரியில்லை என்று டாக்டர் கேட்டார்.

"எங்க ரெண்டு பேருக்குந்தாங்க," என்றாள் நீலாவதி.