பட்ட கிளையில் ஒரு குடித்தனம்

வானம் கறுத்தால் விறகுக் கடைக்காரன் தார்ப்பாயைத் தேடி ஓடுவான். நீங்களும் கடை வைத்து நொந்தவரென்றால் மேலே சொல்ல வேண்டியதில்லை. மலேசிய வேலையை விட்டு, தொண்ணூறுகளில் நான் பள்ளத்தூர் திரும்பிக் கடை போட்ட முதல் கோடையில் நடந்தது இது.

தட்டினால் எட்டிப் பார்க்கும்

பட்ட மரத்தை நின்றபடியே விலை பேசி வாங்குவோம். வெட்டுமுன் கோடாலியின் பின்புறத்தால் தட்டுவது வழக்கம். உள்ளே பொந்தா, கெட்டியான வைரமா என்று சத்தம் சொல்லிவிடும். ஊருக்கு வெளியே பட்டு நின்ற ஒரு வாகை மரத்தை வெட்டுக்காரர் வேலு அப்படித் தட்டியபோது, ஒரு கிளையின் அடிப்பக்கத்துச் சின்ன ஓட்டையிலிருந்து ஒரு தலை நீண்டது. பிறகு முழுப் பறவையும் வெளியே வந்தது. சிட்டுக்குருவி அளவுதான், பழுப்பு முதுகில் வெள்ளை வரிகள். ஆங்கிலப் புத்தகத்தில் இதற்குப் ‘பிக்மி’, அதாவது குள்ளன், என்று பட்டம், நமக்கு மரங்கொத்தி. பொந்துக்குள் குஞ்சுகள் கீச்சிட்டன. வேலு கோடாலியை இறக்கினார்.

“வீட்ல ஆளிருக்கு மொதலாளி. பிள்ளகுட்டியோட இருக்காக.”

ஊறிப்போன வாக்கு

அந்த வாரமே மழை. கடையில் அடுக்கியதெல்லாம் ஊறிவிட்டது. அமராவதிபுதூர் டீச்சரம்மா ஒருவருக்கு, ஈஸ்டர் கழிந்து நடக்கும் மகள் கல்யாணத்துக்குக் காய்ந்த விறகு தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். நிற்கிற மரம் மேலே நனைந்தாலும் பிளந்தால் உள்ளே காய்ந்திருக்கும். என்னிடம் அப்படி இருந்தது அந்த வாகை மட்டும்தான். கல்யாணத்துக்கு முதல்நாள் வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“குருவிக்குப் பாத்தா எம்மகளுக்கு யாருண்ணே பாக்குறது? கறி வேகாம சம்பந்தி எந்திரிச்சுப் போனா, நீங்களா போயிக் கூப்பிடுவீக?”

காவல்

“ஒருதரம் வந்து பாருங்க” என்றேன். வந்தார். தாய்ப் பறவை புழுவோடு வந்தது; பொந்துக்குள் ஒரே ரகளை. டீச்சரம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். “அந்தக் கிளைய விட்டுட்டு மத்தத எடுங்க.”

கோடாலி போட்டால் மரம் அதிருமென்று வேலு எதிர்ப்பக்கக் கிளைகளை ரம்பத்தால் அறுத்தார். பறவை இரையோடு வந்தால் வேலை நிற்க வேண்டும். விடிந்தால் மகள் கல்யாணம், அம்மாவோ மரத்தடியில் நின்று, “நிறுத்துங்க, தாய் வருது!” என்று கத்திக்கொண்டிருந்தார்.

அடிமரம் நின்றதால் விறகு குறைந்துதான் போனது. கல்யாணம் முடிந்து அவர் கடைப் பக்கம் வந்தபோது, சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன்.

“பாயசத்துக்கு வெறகு பத்தல, கேஸ்ல வச்சோம், சம்பந்தியம்மா அதத்தான் ரெண்டாந்தரம் கேட்டு வாங்குனாக. அத விடுங்கண்ணே, குஞ்சுக பறந்துருச்சா?”

மரம் விழுந்தால்தான் அடுப்பெரியும் என்ற பிழைப்பில், ஒரு கிளை விழாததற்கு நன்றி சொல்லும் விறகுக் கடைக்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.