பேதுருவின் புருவம்

எங்கள் மாமாவை எட்டு வயது வரை நான் 'சட்ட அண்ணை' என்றுதான் கூப்பிட்டேன். அவர் சட்டம் படித்தவர் அல்ல. பருத்தித்துறைக் கரையில் வள்ளம் கட்டுகிற தச்சர். மாமி பட்டுத்துணியை இழுத்துக் கட்டிப் படம் கீறுவதற்கு மரச்சட்டம் அடித்துத் தந்தவர். அவர் எனக்கு மாமாவாக மாறியதில் என் வாய்க்கும் பங்குண்டு என்று வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாமி அப்பாவின் ஒரே தங்கை. கொழும்பில் பத்திக் என்கிற மெழுகுச் சாய வேலை பழகியவர். சண்டை நின்று கொழும்புப் பாதை திறந்த வருஷம் இரண்டு தகரப் பெட்டிகளோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தார். ஒன்றில் உடுப்பு. மற்றதில் மெழுகுக் கட்டிகளும் தூரிகைகளும் சாயப் பொட்டலங்களும். வந்த கையோடு பின்விறாந்தையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுச் சோற்றிலும் மெழுகு மணந்தது. ஆசிரியரான அப்பாவுக்குத் தங்கை ஆசிரியை ஆகவில்லையே என்ற மனக்குறை இருந்தது. ஆனாலும் கேட்பவர்களிடம், "அவ பட்டிலை கீறுறவ" என்று கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்வார்.

பள்ளிக்கூடத்தால் வந்தால் நான் பின்விறாந்தையில்தான் கிடப்பேன். உருகிய மெழுகைத் தூரிகையில் தொட்டு மாமி பட்டில் இழுப்பார். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. துணியைச் சாயத்தில் தோய்த்துக் காயவிட்டு, பழைய பேப்பருக்கு நடுவில் வைத்துச் சூடாக ஸ்திரிக்கை போட்டால் மெழுகெல்லாம் பேப்பரோடு போய், அடியில் இருந்த நிறம் இருந்தபடியே வெளியே வரும்.

சட்ட அண்ணை அடித்துத் தந்த சட்டம் மட்டும் சரியில்லை. வாரத்தில் இரண்டு தரமாவது தளரும். அதுவும் அப்பா பின்னேர வகுப்புக்கு நிற்கிற நாளாகப் பார்த்துத் தளரும். அண்ணை உளியும் சுத்தியலுமாக வந்து, ஒரு மூலையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, ஒரு மணித்தியாலம் மாமியோடு கதைத்துக்கொண்டிருப்பார். இடது புருவத்தை இரண்டாகப் பிரிக்கிற பழைய வெட்டு ஒன்று அவருக்கு உண்டு. அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுப்பார். நல்ல மனிதர், ஆனால் வேலை தெரியாதவர் என்று நான் முடிவு செய்திருந்தேன்.

அந்த வருஷம் திருத்திக் கட்டிய எங்கள் தேவாலயத்துக்குப் பட்டில் ஒரு பெரிய படம் வேண்டும் என்று போதகர் மாமியிடம் கேட்டார். கடலில் அமிழப் போகிற பேதுருவை ஆண்டவர் கைபிடித்துத் தூக்குகிற காட்சி. மாமி இரண்டு மாதம் அதிலேயே கிடந்தார். சாப்பாட்டை அம்மா கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது.

படத்தைத் திறந்துவைத்த ஞாயிறு, போதகர் ஜெபித்துவிட்டுத் திரையை இழுத்தார். சபை முழுக்க மூச்சடங்கிப் பார்த்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அப்பா, பேதுரு எங்கடை சட்ட அண்ணை! புருவத்தைப் பாருங்கோ!"

அம்மா என் தொடையில் கிள்ளுவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். பின்வரிசை வாங்கில் இருந்த யாரோ சிரித்தார்கள். அப்பா படத்தைப் பார்த்தார். பிறகு மாமியைப் பார்த்தார். மாமி பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கதவைச் சாத்தினார்.

"சபை முழுக்கச் சிரிக்குது. அவன் சைவப் பெடியன். அதிலையும் கடற்கரைப் பெடியன்."

"பேதுருவும் கடற்கரைப் பெடியன்தானே, அண்ணை," என்றார் மாமி.

அப்பா மாமிக்கு முன்னால் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். "அடுத்த ஞாயிறுக்குள்ளை உந்த முகத்தை மாத்து. அவனும் இனி இஞ்சை வரப்படாது."

"ஓம் அண்ணை," என்றார் மாமி.

அந்தக் கிழமை முழுக்கச் சட்டம் தளரவேயில்லை. மாமி என்மேல் கோபிக்கவுமில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சனிக்கிழமை அப்பா என்னைக் கூப்பிட்டு, மாமி என்ன செய்கிறார் என்று பார்த்து வந்து சொல்லச் சொன்னார்.

மாமி தேவாலயத்திலிருந்து இறக்கிக் கொண்டுவந்த படத்தைச் சட்டத்தில் பூட்டியிருந்தார். ஆண்டவரின் உருவத்தின் மேல் மெழுகு பூசினார். பிறகு சின்னத் தூரிகையை எடுத்துப் பேதுருவின் முகத்தில் பூசத் தொடங்கினார். நெற்றி, கன்னம், புருவம். ஒரு தரம் காய்ந்ததும் இன்னொரு தரம். மூன்றாம் தரம் பூசியபோது முகமே தெரியவில்லை. பிறகு துணியைக் கழற்றிக் கருநீலச் சாயத்தில் தோய்த்தார். நான் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"முகத்தை முழுக்க மெழுகாலை மூடிப்போட்டா, அப்பா. ஒண்டும் தெரியேல்லை."

"சரி," என்றார் அப்பா. அன்றைக்குத்தான் அவர் ஒழுங்காகச் சாப்பிட்டார். எத்தனை பூக்களை, எத்தனை மீன்களை மாமி அப்படி மூடி வைத்து வெளியே எடுத்ததைப் பார்த்தவள் நான். முகத்துக்கும் அதுதான் நடக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

ஞாயிறு காலை படம் மறுபடி தொங்கியது. கடலும் வானமும் வள்ளமும் ஒரே இருட்டாகிவிட்டிருந்தன. அந்த இருட்டுக்கு நடுவில் ஆண்டவர் வெள்ளையாக நின்றார். அவருக்குக் கீழே, முன்னைவிடத் தெளிவாக, பேதுருவின் முகம். மெழுகு வெடித்த இடங்களில் நீலம் ஓடி நரம்பு போலக் கோடு விழுந்திருந்தது. புருவத்து வெட்டு அப்படியே இருந்தது.

"இப்பத்தான் புயல் புயல் மாதிரி இருக்கு," என்று போதகர் மகிழ்ந்துபோனார். சபை பாட்டுக்கு எழுந்தது. அப்பா மட்டும் எழும்பவில்லை.

ஆராதனை முடிந்து அம்மாவும் மாமியும் பின்னால் நடந்து வந்தார்கள். அப்பா என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு மிதித்தார். பாதி வழியில்தான் கேட்டார்.

"பிள்ளை, நேற்று முகத்துக்கு மெழுகு பூசேக்கை மாமி அழுதவளோ?"

"இல்லை அப்பா. பாட்டுப் படிச்சவ."

சைக்கிள் மெதுவாகியது.

"பாட்டுப் படிச்சவளோ?"

இரண்டாம் தரமும் என் வாயால் மாமியைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று எனக்குப் பயம் பிடித்தது. "கனக்கப் படிக்கேல்லை அப்பா. வாய்க்குள்ளைதான். கொஞ்சம்தான்."

வீட்டுக்குப் போகிற ஒழுங்கைக்குள் திரும்பாமல் சைக்கிள் நேரே கரையை நோக்கிப் போயிற்று. தூரத்தில், பாதி கட்டிய வள்ளம் ஒன்றின் பக்கத்தில் சட்ட அண்ணை நிற்பது தெரிந்தது. எங்களைக் கண்டதும் அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் கையைத் துடைத்தார். அப்பா அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்து, நான் சைக்கிள் மணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெரிதாக அழத் தொடங்கினேன்.