ஏரிக்கரைக்குப் போகாத சாட்சி

நாலைந்து வருடங்களுக்கு முன்னால் நடந்தது இது. நாமக்கல் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில், போலீஸ் ஸ்டேஷனுக்கு நேர் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால் என்னையும் கண்டுபிடித்துவிடுவார்கள், எங்கள் ஏட்டையாவையும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஸ்டேஷனில் இருக்கிற மெஷின் மாதத்தில் பாதி நாள் படுத்துக்கொள்ளும். அதனால் எந்தக் காகிதம் என்றாலும் ரோட்டைத் தாண்டி என் கடைக்குத்தான் வரும். புகார் மனு, முதல் தகவல் அறிக்கை, பொருள் காணாமல் போனதற்கான சர்டிபிகேட் எல்லாம் என் மெஷினுக்குள் போய் வந்திருக்கின்றன. அப்படி வரும்போது ஏட்டு சில சமயம் கூடுதலாக ஒரு காகிதத்தை நீட்டுவார். "அக்கா, இதுல சாட்சின்னு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க" என்பார். நானும் போட்டுக் கொடுப்பேன். எதற்கு, என்ன என்று கேட்டதே இல்லை. எதிர்க்கடைக்காரி, தினமும் முகம் பார்க்கிற ஆள், ஒரு கையெழுத்துக்கு என்ன கணக்குப் பார்ப்பது என்று நினைப்பு.

உண்மையைச் சொன்னால் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பன்னிரண்டாவது வரை படித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். சர்க்கார் காகிதத்தில் என் பெயர் ஏறுகிறதே என்று உள்ளுக்குள் ஒரு குஷி. என் வீட்டுக்காரர்தான் கிண்டல் செய்வார். "தாசில்தாருன்னு நெனப்பு உனக்கு" என்பார். நான் கண்டுகொள்ளவே மாட்டேன்.

ஒரு நாள் என் பெயருக்குச் சம்மன் வந்தது. கிணற்று மோட்டார் ஒயர் திருட்டு வழக்கு, அரசுத் தரப்பு சாட்சியாக இன்ன தேதியில் நீதிமன்றத்தில் ஆஜராக வேண்டும் என்று போட்டிருந்தது. எங்கள் பக்கம் தோட்டக் கிணறுகளில் தாமிர ஒயரை அறுத்துக்கொண்டு போவது அடிக்கடி நடப்பதுதான். ஆனால் அதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு ஞாபகமே வரவில்லை. ஏட்டைக் கேட்டேன். "ரெண்டு வருசத்துக்கு முந்தி மகஜர்ல கையெழுத்துப் போட்டீங்கல்லக்கா, அதுதானுங்க. பயப்படாதீங்க, ரெண்டு நிமிசத்துல உட்ருவாங்க" என்றார்.

எனக்கென்ன பயம்? சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எடுத்து வைத்திருந்த புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு, கடைக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். கோர்ட்டை அதுவரை வெளியிலிருந்துகூடச் சரியாகப் பார்த்ததில்லை. என்னவோ பரிசு வாங்கப் போகிற மாதிரி பஸ்ஸில் உட்கார்ந்திருந்ததை இப்போது நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

கோர்ட்டு வராந்தாவில் ஏட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டு, அந்த மகஜரின், அதாவது பறிமுதல் செய்ததை எழுதி வைத்த காகிதத்தின், நகலைக் கையில் கொடுத்தார். கேட்கும்போது தடுமாறக் கூடாதாம், ஒரு தடவை படித்துக்கொள்ளச் சொன்னார். அன்றைக்குத்தான் நான் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதத்தை முதன்முதலாகப் படித்தேன்.

காலை ஆறரை மணிக்கு ஏரிக்கரையில், கீழே கையெழுத்திட்டுள்ள சாட்சிகள் முன்னிலையில், கைதான ஆள் ஒரு வேலிக்காத்தான் புதரை அடையாளம் காட்டினார். அதற்குள் மறைத்து வைத்திருந்த முப்பது மீட்டர் ஒயரை அவரே எடுத்துக் கொடுத்தார். சாட்சிகள் நேரில் பார்த்தார்கள் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே என் முத்தான கையெழுத்து. காலை ஆறரைக்கு நான் எங்கள் வீட்டு அடுப்படியில் இருப்பேன். அந்த ஏரிக்கரையை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி, இறங்கி ஓர் அடி வைத்ததில்லை.

"ஏனுங்க ஏட்டையா, நான் அங்க வரவே இல்லீங்களே" என்றேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "எல்லா ஊர்லயும் இப்படித்தாங்கக்கா. விடியக்காலைல எந்தப் பொதுசனம் எங்க பொறத்தாலயே வரும்? நாங்க எடுத்தது நெசம், எழுதுனது நெசம். ஆளுதான் கெடைக்கல. கேட்டா ஆமாங்கன்னு மட்டும் சொல்லுங்க." இன்னொரு சாட்சி எங்கே என்று கேட்டேன். அவர் போர்வெல் போடும் ரிக் வண்டி வேலைக்கு வடக்கே போனவர், ஆளைப் பிடிக்க முடியவில்லையாம். ஆக நான் ஒருத்திதான்.

அந்த ஏட்டு கெட்டவர் இல்லை. என் மகளின் சைக்கிள் காணாமல் போனபோது சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டுத் தேடிக் கொடுத்த மனிதர். அவரைப் பகைத்துக்கொண்டு எதிரிலேயே கடை நடத்துவதா? ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் அந்த நேரம் முடிவு செய்தேன். வராந்தா பெஞ்சில் இடம் இருந்தது, போய் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் என் வயதுதான் இருக்கும், ஒரு பெண் மடியில் டிபன் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். நம் வாய்தான் சும்மா இருக்காதே, எந்த ஊர், என்ன கேசு என்று பேச்சுக் கொடுத்தேன். அவர் வீட்டுக்காரர் மோட்டாருக்கு ஒயர் காயில் கட்டுகிற மெக்கானிக். ஒயர் திருடினதாகப் பிடித்துப் பதினெட்டு நாள் உள்ளே வைத்திருந்தார்களாம். ஜாமீனில் வந்து இரண்டு வருடமாகிறது. அதற்குப் பிறகு யாரும் அவரைக் கிணற்றடிப் பக்கமே விடுவதில்லை. சேலத்தில் ஒரு பட்டறையில் தினக்கூலிக்குப் போய்க்கொண்டிருக்கிறாராம்.

"இன்னிக்கு சாட்சி வருதாமுங்க. யாரோ ஒரு அம்மாவாம். ஏரிக்கரைல நின்னு பாத்தாங்களாம். எங்கூட்டுக்காரரு அப்படி ஒரு அம்மாவ பாக்கவே இல்லைங்கறாரு. அவங்க ஆமான்னு சொல்லிட்டா தண்டனைதான்னு வக்கீலு சொல்லிட்டாருங்க" என்றார். சொல்லிக்கொண்டே டப்பாவைத் திறந்து எனக்கும் ஓர் இட்லியை நீட்டினார்.

இட்லியை வாங்கவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. நான்தான் அந்த அம்மா என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அதற்குள் உள்ளேயிருந்து என் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். எழுந்து போனேன். அந்தப் பெண்ணின் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கூண்டில் ஏறி நின்றேன். நீதிபதி ஒரு பெண். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவராக இருப்பார். சொல்வதெல்லாம் உண்மை என்று பிரமாணம் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். எதிர்ப்பக்கம் ஒல்லியாக ஒரு மனிதர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு தரம்தான் பார்த்தேன். அதற்கு முன் அவரை நான் பார்த்ததே இல்லை என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

அரசு வக்கீல் மகஜரைக் காட்டி, இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார். ஆமாங்க என்றேன். அடுத்து, அன்றைக்கு ஏரிக்கரையில் என்ன பார்த்தீர்கள் என்றார். ஏட்டு சுவரோரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "கையெழுத்து என்னோடதுதானுங்க. ஆனா ஏரிக்கரைக்கு நான் போகலீங்க. என்ற கடைலதான் போட்டுக் குடுத்தேன்" என்று சொல்லிவிட்டேன்.

வக்கீல் என்னைப் பிறழ் சாட்சி, அதாவது தங்கள் தரப்புக்கே மாறிப் பேசுகிறவள் என்று அறிவிக்கச் சொல்லி, தானே குறுக்கு விசாரணை செய்தார். அந்த மெக்கானிக்குக்கு வேண்டியவர்கள் யாராவது என்னிடம் பேசினார்களா, அவரைத் தப்பிக்க வைக்கப் பொய் சொல்கிறேனா என்று கேள்விமேல் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் இல்லீங்க, இல்லீங்க என்றேன். அவர் வேலையை அவர் செய்தார், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கடைசியில் அந்த மகஜரில் என் கையெழுத்துக்கு மட்டும் ஒரு நம்பர் போட்டுச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். அதற்கு மேலே எழுதியிருந்த எதையும் என் மூலமாக எடுத்துக்கொள்ளவில்லை.

இறங்கப் போனவளை நீதிபதி நிறுத்தினார். "படிச்சவங்கதானே நீங்க? படிக்காமயா போட்டீங்க?" என்று கேட்டார். ஆமாங்க மேடம் என்றேன். அவர் சத்தம் போடவில்லை. "போலீஸ் சொல்றதை மட்டும் வெச்சு நான் ஒரு முடிவுக்கு வந்துடக் கூடாதுன்னுதான் வெளி ஆள் ஒருத்தர் பார்க்கணும்னு வெச்சிருக்கு. இந்தக் கேஸ்ல அந்த வெளி ஆள் நீங்கதாம்மா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவ்வளவு நிதானமாக அவர் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது.

நான் சொன்னதை டைப் அடித்துக் கையெழுத்துக்குக் கொடுத்தார்கள். மூன்று பக்கம். வரி விடாமல் படித்தேன். எனக்குப் பின்னால் வேறு கேசுக்காரர்கள் நின்று முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று முழுதும் படித்த பிறகுதான் போட்டேன்.

வெளியே வந்தால் அந்தப் பெண் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். என் புத்தியைப் பாருங்கள். அவர் என் முகத்தை நேராகப் பார்த்து, "அப்புறம் எதுக்குங்க அன்னிக்கு கையெழுத்துப் போட்டீங்க?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலத்தான் கேட்டார். அந்தப் பதினெட்டு நாளும் இந்த இரண்டு வருடமும் அந்தக் கேள்விக்குள் இருந்தன. பொய்யாக ஒரு காரணம் சொல்ல எனக்கு மனது வரவில்லை. "படிக்காமப் போட்டுட்டனுங்க, தப்புத்தான்" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பஸ் ஸ்டாப்பில் இன்னொருவர் பிடித்துக்கொண்டார். ஒயரைப் பறிகொடுத்த விவசாயி. "எங்கெணத்து ஒயரு போனது பொய்யில்லீங்களே அம்மிணி? அந்த வருசம் மஞ்சக் காடு காஞ்சதும் பொய்யில்லீங்களே?" என்றார். அவர் கேட்டதும் நியாயம். நான் ஒழுங்காக அன்றைக்கு மாட்டேன் என்று சொல்லியிருந்தால், போலீஸ்காரர்கள் நிஜமாகவே ஒரு சாட்சியைத் தேடிப் பிடித்திருப்பார்கள். அந்த ஆள் குற்றம் செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும் அது அன்றைக்கே தெளிந்திருக்கும். ஒரே கையெழுத்தில் இரண்டு குடும்பத்துக்கும் கெடுதல் செய்திருந்தேன்.

அப்புறம் இரண்டு வாரம் ஸ்டேஷனிலிருந்து ஒரு காகிதமும் கடைக்கு வரவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போய் நகல் எடுத்தார்கள். நடக்கட்டும், உடம்புக்கு நல்லது என்று நானும் வீம்பாக இருந்தேன். மூன்றாவது வாரம் ஏட்டே வந்தார். கேசில் அந்த மெக்கானிக்கை விடுதலை செய்துவிட்டார்கள் என்று சொன்னார். பிறகு, "மேல இருந்து எங்களுக்கும் செமத்தியா வாங்கிக் கட்டியாச்சுங்கக்கா. நீங்க சொன்னது நெசந்தானே, உங்கள என்ன சொல்றது" என்றார். நான் பக்கத்துக் கடையில் டீ சொன்னேன். அவரும் உட்கார்ந்து குடித்துவிட்டுத்தான் போனார்.

போன மார்கழியில் ஒரு நாள் காலை ஆறு மணிக்குப் போன் அடித்தது. ஏட்டுத்தான். "அக்கா, கல்லுக்குழிகிட்ட ஒரு பறிமுதல் இருக்குதுங்க. வாரீங்களா?" என்றார். காதை என்னால் நம்ப முடியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு போனேன். மூன்று திருட்டு ஆடுகள். இப்போதெல்லாம் பறிமுதலை ஒரு போலீஸ்காரர் போனில் வீடியோவும் எடுக்கிறார். பனியில் கால் விறைக்க ஒரு மணி நேரம் நின்று, ஆட்டை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஓர் ஆட்டுக்கு இடது காது கிழிந்திருந்தது. அதை எழுதாமல் விட்டிருந்தார்கள். எழுதுங்க, அப்பத்தான் போடுவேன் என்றேன். "உங்களக் கூப்புட்டது என் தப்புத்தானுங்க" என்று சலித்துக்கொண்டே ஏட்டு எழுதிச் சேர்த்தார். நான்கு பக்கத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். திரும்பி வரும்போது அவ்வளவு திருப்தியாக இருந்தது.

அந்த மெக்கானிக் ஒயரைத் திருடினாரா இல்லையா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு மனிதரை உள்ளே தள்ளுவதற்கு முன்னால், ஒரு ஜெராக்ஸ் கடைக்காரியைக் கூண்டில் ஏற்றி, நீ கண்ணால் பார்த்தாயா என்று சர்க்கார் கேட்கிறது. அந்தக் கேள்விக்கு இரண்டு வருடம் தாமதமாகவாவது உள்ளதைச் சொன்னேன் என்பதை நினைக்கிறபோதெல்லாம், எனக்கு வெட்கமும் நிம்மதியும் சேர்ந்தேதான் வருகின்றன.